மறுசேர்க்கை நோயாளிகளின் மருந்துச் சுமையும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும்: அளப்பதற்கும் குறைப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பிய நோயாளி ஒரு மாதம் முடிவதற்குள் மீண்டும் வார்டுக்கு வரும்போது, அவருடைய மருந்துப் பட்டியல் பெரும்பாலும் முன்பைவிட நீண்டிருக்கும். இம்முறை அவர் படுக்கையில் கழிக்கும் நாள்களும் கூடினால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் 'மருந்து அதிகம், அதனால்தான் தங்கலும் அதிகம்' என்று முடிவு கட்டத் தோன்றும். சில நோயாளிகளுக்கு அது உண்மை. ஆனால் நோய் முற்றியதால் மருந்தும் நாள்களும் சேர்ந்தே கூடியவர்கள் பலர். நீண்ட நாள் தங்கியதால்தான் மருந்து கூடியது என்னும் நிலையில் உள்ளவர்களும் உண்டு. இந்த மூன்று வகையினரையும் பிரித்தறியாமல் எடுக்கும் எந்தக் கணக்கும் வார்டில் பயன்படாது. உள்நோயாளிப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர்கள், தரக் கண்காணிப்புக் குழுவினர் ஆகியோர் தங்கள் மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டே இதைப் பிரித்தறியும் முறையை இங்கே படிப்படியாகக் காணலாம்.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை ஒருவர் ஒரே காலத்தில் தொடர்ந்து எடுத்துக்கொள்வதைப் பன்மருந்துப் பயன்பாடு என்றும், பத்து அல்லது அதற்கு மேல் சென்றால் மிகைப் பன்மருந்துப் பயன்பாடு என்றும் குறிப்பது வழக்கம். இது வசதிக்காக வகுத்த எல்லைதான். நான்காவது மருந்துக்கும் ஐந்தாவது மருந்துக்கும் இடையே உடலுக்குள் சுவர் எதுவும் இல்லை.

படி 1: மறுசேர்க்கை எது என்பதை முதலில் எழுதி வைத்தல்

தரவைத் திறப்பதற்கு முன்பே வரையறையை எழுத்தில் வைத்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 30 நாள்களுக்குள் நிகழும், முன்கூட்டித் திட்டமிடப்படாத அனுமதி என்பதே பரவலாகக் கையாளப்படும் வரையறை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் 2012 அக்டோபரிலிருந்து, மறுசேர்க்கை விகிதம் மிகுந்த மருத்துவமனைகளுக்கான தொகையைக் குறைக்கத் தொடங்கியபோது இந்த 30 நாள் எல்லையையே எடுத்துக்கொண்டது. அதன்பின் அது உலகெங்கும் நிலைத்துவிட்டது. கீமோதெரபி, டயாலிசிஸ், முன்பே தேதி குறித்த அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கான அனுமதிகளையும், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவர்களையும் நீக்கிவிட வேண்டும். முதல் அனுமதியிலேயே இறந்தவர்கள் மறுசேர்க்கைக்கு ஆளாக வாய்ப்பே இல்லாதவர்கள் என்பதால் அவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். ஒரே நோயாளி ஆண்டுக்குள் நான்கு முறை திரும்பி வந்திருந்தால் அவரை நான்கு நோயாளிகளாக எண்ணக் கூடாது. முதல் மறுசேர்க்கையை மட்டும் எடுத்துக்கொள்வதே எளிய வழி.

படி 2: தங்கிய நாள்களைக் கணக்கிடுதல்

டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து அனுமதித் தேதியைக் கழித்தால் கிடைப்பது, அதாவது நோயாளி படுக்கையில் கடந்த நள்ளிரவுகளின் எண்ணிக்கையே தங்கிய நாள்கள். இதனுடன் இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்வது பெரும்பயன் தரும்: நோயாளி மருத்துவ ரீதியாக வீட்டுக்குச் செல்லத் தகுதி பெற்றுவிட்டார் என்று மருத்துவர் எழுதிய நாள். அந்த நாளுக்கும் உண்மையில் வெளியேறிய நாளுக்கும் இடையே உள்ள காத்திருப்பு, கவனித்துக்கொள்ள ஆள் இல்லாததாலோ மருந்துகள் கைக்கு வந்து சேராததாலோ ஏற்படுவது. அதையும் நோயின் கணக்கில் சேர்த்துவிட்டால் எல்லாப் பழியும் மருந்தின் மீது விழுந்துவிடும்.

படி 3: உண்மையான மருந்துப் பட்டியலைத் தயாரித்தல்

அவசரப்பட்டுச் செய்தால் எல்லாம் பாழாகிவிடும் கட்டம் இதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டவை, மருந்துக் கடையில் வாங்கப்பட்டவை, நோயாளி உண்மையில் விழுங்கியவை என்னும் மூன்று பட்டியல்கள் ஒன்றோடொன்று அபூர்வமாகவே பொருந்தும். எனவே அனுமதியான 24 மணி நேரத்துக்குள், குறைந்தது இரண்டு வெவ்வேறு வழிகளிலிருந்து தகவல் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முழுமையான மருந்து வரலாற்றை எழுத வேண்டும். நோயாளியிடமும் உடனிருப்பவரிடமும் கேட்பது ஒரு வழி. பழைய சீட்டுகளையும் மருந்துப் பையையும் பார்ப்பது மற்றொரு வழி. மருந்துப் பையைக் கட்டிலின் மேல் கொட்டி ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் காட்டச் சொல்வதற்கு ஈடான முறை வேறில்லை. எந்த அட்டை பாதி தீர்ந்திருக்கிறது, எது பிரிக்கப்படாமலேயே இருக்கிறது, எந்த இரண்டு அட்டைகள் வெவ்வேறு வணிகப் பெயர்களில் ஒரே மூலக்கூறைக் கொண்டிருக்கின்றன என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கேட்கும் முறையும் முக்கியம். 'எல்லா மருந்தும் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பதைத் தவிர வேறு பதில் வராது. 'நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து எதெதை எடுத்தீர்கள், எதை விட்டுவிட்டீர்கள்?' என்று கேட்டால் நோயாளி தாமாகவே விவரிப்பார். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், தோலில் ஒட்டும் மருந்து, ஊசி, மூலிகை மருந்துகள், சத்து மாத்திரைகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தனித்தனியே கேட்க வேண்டும். இவற்றை 'மருந்து' என்று பலர் கருதுவதே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்து இருந்தால், எந்தக் கிழமை எடுக்கிறார் என்றும் கேட்டுவிட வேண்டும். அதைத் தினமும் விழுங்கி உயிராபத்துக்கு உள்ளானவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

எண்ணும்போது பின்பற்ற வேண்டிய விதிகளையும் முன்பே முடிவு செய்துகொள்ளலாம். வணிகப் பெயரை விடுத்து மூலக்கூறை எண்ணுவது நல்லது. இரண்டு மூலக்கூறுகள் அடங்கிய கூட்டு மாத்திரை விழுங்குவதற்கு ஒன்றாயினும் உடலுக்கு இரண்டு. தேவைப்படும்போது மட்டும் எடுப்பவற்றையும், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் போன்ற குறுகியகால மருந்துகளையும் தனிப் பத்திகளில் எழுத வேண்டும். மருந்துகளை அவை செயல்படும் உறுப்பு, பயன், வேதியியல் ஆகியவற்றின்படி பிரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏடிசி வகைப்பாட்டின்படி குறியீடு இட்டுவிட்டால், பின்னர் ஒப்பிடுவது எளிது.

படி 4: எண்ணிக்கையிலிருந்து சுமைக்கு நகர்தல்

இதய இயக்கக் குறைபாட்டில், இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்த ஒருவருக்கு இன்றைய சிகிச்சை நெறிமுறைகளின்படியே நான்கு வகை மருந்துகள் தேவை. அவற்றோடு நீர் பிரிக்கும் மாத்திரையைச் சேர்த்தால், வேறெந்த நோயும் இல்லாமலேயே அவர் ஐந்து என்னும் எல்லையைத் தொட்டுவிடுகிறார். அவருடைய பட்டியலைக் குறைப்பது அவருக்குத் தீங்கு. மறுபுறம், மூன்றே மருந்துகள் எடுக்கும் முதியவர் ஒருவருக்கு அம்மூன்றும் வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து), இன்சுலின், தூக்க மாத்திரை என்று அமைந்துவிட்டால் அவர்மீது கூடுதல் கண் வேண்டும். எனவே எண்ணிக்கையோடு குறைந்தது வேறு மூன்றையும் பதிவு செய்ய வேண்டும்.

ஒன்று, பட்டியலின் சிக்கல். 2004 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மருந்துமுறைச் சிக்கல் குறியீடு, மருந்தின் வடிவம், ஒரு நாளில் எடுக்க வேண்டிய தடவைகள், 'வெறும் வயிற்றில்', 'பாதியாக உடைத்து' என்பன போன்ற கூடுதல் அறிவுரைகள் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தருகிறது. ஏழு மாத்திரைகளைக் காலையில் ஒரே வேளையில் விழுங்குபவருக்கும், நான்கு மருந்துகளை ஆறு வேளைகளில் மாற்றி மாற்றி எடுப்பவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அது காட்டும்.

இரண்டு, ஆபத்து மிகுந்த மருந்துகள். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள் மருந்தின் தீய விளைவால் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகளில் ஏறத்தாழ 67 விழுக்காட்டுக்கு வார்ஃபரின், இன்சுலின், தட்டணு ஒட்டுவதைத் தடுக்கும் மாத்திரைகள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகள் ஆகிய நான்கு வகைகளே, தனித்தோ சேர்ந்தோ, காரணமாக இருந்தன என்று 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்நான்குடன் நீர் பிரிக்கும் மருந்துகள், ஸ்டீராய்டு அல்லாத வலி நிவாரணிகள், ஓபியாய்டுகள், டிகாக்ஸின், லித்தியம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று, மயக்கமும் குழப்பமும் தரும் மருந்துகளின் கூட்டுச் சுமை. பழைய வகை ஒவ்வாமை மாத்திரை, சிறுநீர்ப்பைக்கான மாத்திரை, அமிட்ரிப்டிலின் ஆகியவை தனித்தனியே சிறு விளைவைத் தருபவையாகத் தோன்றினாலும், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அவற்றின் செயல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பொருந்தாத மருந்துகளைக் கண்டறிய, 1991 இல் முதலில் வெளியாகி 2023 இல் புதுப்பிக்கப்பட்ட பியர்ஸ் பட்டியலும், ஐரோப்பாவில் உருவான ஸ்டாப்–ஸ்டார்ட் அளவுகோல்களும் உள்ளன. பின்னது, கொடுத்திருக்க வேண்டிய ஆனால் விடுபட்ட மருந்துகளையும் சுட்டுகிறது என்பதால், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமெனில் அதையே பரிந்துரைப்பேன்.

படி 5: எந்த நேரத்துப் பட்டியல் என்பதைப் பிரித்தல்

ஒரு நோயாளிக்கு நான்கு பட்டியல்கள் உண்டு: முதல் டிஸ்சார்ஜின்போது தரப்பட்டது, மறுசேர்க்கைக்குச் சற்று முன் வீட்டில் எடுத்தது, மறுசேர்க்கையின்போது வார்டில் தரப்பட்டது, இறுதியாக மீண்டும் வெளியேறும்போது தரப்படுவது. வார்டில் தரப்பட்ட மருந்துகளின் எண்ணிக்கையைத் தங்கிய நாள்களோடு ஒப்பிட்டால் உறுதியான தொடர்பு கிடைத்தே தீரும். 15 நாள் தங்குபவருக்கு மலச்சிக்கலுக்கும் தூக்கத்துக்கும் வாந்திக்கும் கிருமித் தொற்றுக்கும் மருந்து சேர்ந்துகொண்டே போவதுதான் அதற்குக் காரணம். அங்கே நாள்கள் மருந்தைக் கூட்டியிருக்கின்றன, மருந்து நாள்களைக் கூட்டவில்லை. இந்தத் தவற்றோடு எழுதப்பட்ட அறிக்கைகள், அழகான வரைபடத்துடனேயே வருவதால், எளிதில் ஏமாற்றிவிடும்.

மருந்துச் சுமை காரணமா என்று கேட்க விரும்பினால், மறுசேர்க்கைக்கு முன் வீட்டில் எடுத்த பட்டியலை மட்டுமே காரணத்தின் இடத்தில் வைக்க முடியும். முதல் டிஸ்சார்ஜ் பட்டியலுக்கும் அதற்கும் இடையே என்ன மாறியது என்பது தனியொரு தகவல். பல நேரங்களில் எண்ணிக்கையைவிட அந்த மாற்றமே அதிகம் பேசும்.

படி 6: ஒவ்வொரு கோப்பாக வாசித்தல்

புள்ளிவிவரத்துக்குப் போவதற்கு முன், இருபது முப்பது கோப்புகளையாவது மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: இந்த அனுமதிக்கு மருந்து காரணமா? இந்த அனுமதியில் எந்தெந்த நாள்களை மருந்து கூட்டியது? முதல் கேள்விக்கு 1981 இல் வெளியான, ஒரு தீய விளைவுக்கு மருந்து காரணமாக இருக்கும் வாய்ப்பை மதிப்பிடும், பத்து வினாக்கள் கொண்ட நரஞ்சோ அளவுகோல் போன்றவை உதவும். இரண்டாவது கேள்விக்கு நாள்வாரிக் குறிப்புகளை வாசிப்பதே வழி.

கற்பனையான ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். 74 வயதுடையவர், இதய இயக்கக் குறைபாடும் நீரிழிவும் உண்டு. டிஸ்சார்ஜின்போது ஃபுரோசமைடு, ராமிப்ரில், பைசோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாட்டின், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பான்டோப்ரசோல் என ஒன்பது மருந்துகள். ஒரு வாரம் கழித்து மூட்டுவலிக்கு வேறோர் இடத்தில் டைக்ளோஃபெனாக் பெறுகிறார். 12 ஆம் நாள் சோர்வோடும் குறைந்த சிறுநீரோடும் மறுசேர்க்கை. சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினின் இருமடங்கு, பொட்டாசியம் 6.1 (மிகை), சர்க்கரை 48 (மிகக் குறைவு). ராமிப்ரில், நீர் பிரிக்கும் மருந்து, வலி நிவாரணி ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டம் குறையும் என்பது நன்கு அறியப்பட்ட ஆபத்து. சிறுநீரகம் தளர்ந்ததும் ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றியது. கிளிமிபிரைடு உடலில் சிதைந்து உருவாகும் வளர்சிதைப் பொருள்கள் வெளியேற வழியின்றித் தேங்கிச் சர்க்கரையை இறக்கின.

இவர் ஒன்பது நாள் தங்கினார் என்று வைத்துக்கொண்டு நாள்களைப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் பொட்டாசியத்துக்கும், மீண்டும் மீண்டும் இறங்கும் சர்க்கரைக்குமான கண்காணிப்பு. அடுத்த மூன்று நாள் கிரியாட்டினின் இறங்கக் காத்திருப்பு. அதற்குள் நீர் பிரிக்கும் மருந்தை நிறுத்தியதால் மூச்சுத்திணறல் தலைகாட்ட, கடைசி நான்கு நாள் ஒவ்வொரு மருந்தையும் சிறிய டோஸில் தொடங்கி, இரத்தப் பரிசோதனை பார்த்து, அடுத்ததைச் சேர்ப்பதில் கழிந்தன. நாள்களைத் தின்றது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டம்தான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்குமான மருந்துகளை நிறுத்த ஒரு நிமிடம் போதும், திரும்பத் தொடங்க நான்கு நாள் ஆகும். எண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தால் இவர் 'ஒன்பது மருந்து நோயாளி'. குற்றவாளியோ, எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத பத்தாவது.

மருந்து நாள்களைக் கூட்டும் வேறு வழிகளும் வாசிக்கும்போது புலப்படும். தயசைடு வகை மாத்திரையாலோ மனச்சோர்வு மாத்திரையாலோ சோடியம் இறங்கியிருந்தால், அதை 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயரவிடக் கூடாது என்பதால், அவசரப்பட்டாலும் நாள்கள் குறையா. வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோல் என்னும் ஆன்டிபயாட்டிக் சேர்த்ததால் ஏறிய ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) இறங்கக் காத்திருக்க வேண்டும். மயக்கம் தரும் மருந்தால் குழம்பிய முதியவர், குழப்பம் தெளிந்த பிறகும் நடக்கும் வலுவைத் திரும்பப் பெற மேலும் சில நாள்கள் வேண்டும். அம்லோடிபினால் வந்த கால்வீக்கத்தைப் புதிய நோயாகக் கருதி நீர் பிரிக்கும் மாத்திரை எழுதுவதுபோல, ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து தரும் தொடர்களையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சிறிய சேதம் அல்ல. இங்கிலாந்தில் 18,820 அனுமதிகளை ஆராய்ந்து 2004 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 6.5 விழுக்காடு அனுமதிகள் மருந்தின் தீய விளைவோடு தொடர்புடையவை. அந்த நோயாளிகளுடைய தங்கலின் இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு, 8 நாள். அவற்றுள் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை.

படி 7: புள்ளிவிவரப் பகுப்பாய்வு

ஐந்து நோயாளிகள் 3, 4, 4, 5, 34 நாள்கள் தங்கினால் சராசரி 10; ஆனால் அவர்களில் எவருமே பத்து நாள் அளவில் தங்கவில்லை. இடைநிலை 4 என்பதே அந்த வார்டின் நிலையைச் சொல்கிறது. ஆகவே இடைநிலையையும், நடுப் பாதி நோயாளிகள் அடங்கும் கால்மான எல்லைகளையும் தர வேண்டும். மாதிரி அமைக்கும்போது சாதாரண நேர்கோட்டுப் பின்னடைவை விடுத்து, சிலருக்கு மட்டும் மிக நீளும் இத்தகைய நாள்கணக்குக்குப் பொருந்தும் நெகட்டிவ் பைனாமியல் அல்லது காமா பின்னடைவைக் கையாள வேண்டும். இரண்டாம் நாளே இறந்தவருக்குத் தங்கல் குறைவு என்பது நல்ல செய்தி அன்று என்பதால், மறுசேர்க்கையில் இறந்தவர்களைத் தனியே காட்டவோ, இறப்பைப் போட்டி நிகழ்வாக (டிஸ்சார்ஜ் நிகழவிடாமல் தடுக்கும் வேறொரு முடிவாக) கருதவோ வேண்டும்.

வயது, சிறுநீரகச் செயல்பாடு, உடல் தளர்ச்சி, முந்தைய ஆண்டின் அனுமதிகள், சார்ல்சன் குறியீடு போன்ற இணைநோய் அளவீடு ஆகியவற்றின் தாக்கத்தைப் பகுப்பாய்வில் சரிக்கட்டாமல் (தனியே பிரித்து நீக்காமல்) மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. சரிக்கட்டிய பிறகும் நோயின் கடுமை முழுதாக நீங்குவதில்லை. மருந்துகளின் எண்ணிக்கையே நோய்ச் சுமையின் மறைமுக அளவுகோலாகவும் இருப்பதுதான் இதற்குக் காரணம். அதனால் 'ஒவ்வொரு கூடுதல் மருந்தும் இத்தனை நாளைக் கூட்டுகிறது' என்ற வாக்கியத்தை எழுதாமல், 'தொடர்புடையதாக உள்ளது' என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. படி 6 இல் வாசித்த கோப்புகள்தாம் அந்தத் தொடர்புக்குப் பொருள் தருபவை.

படி 8: வார்டிலேயே சுமையைக் குறைத்தல்

மறுசேர்க்கை என்பது பட்டியலைத் திருத்த வாய்த்த நேரமும்கூட. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே, அது எதற்காக என்பதை ஒரு வரியில் எழுத முயலுங்கள். காரணம் எழுத முடியாத மருந்து முதல் வேட்பாளர். முந்தைய அனுமதியில் வயிற்றுப்புண் வராமல் தடுக்கத் தொடங்கி நிறுத்த மறந்த பான்டோப்ரசோல், ஒரே வகையில் இரண்டு மருந்துகள், பக்கவிளைவுக்காக வந்த மருந்துகள் ஆகியவை அடுத்தவை. ஆனால் மேற்கண்ட 74 வயதுக்காரர் போல ஆஸ்பிரினோடு இருக்கும் முதியவருக்கு, இரைப்பை இரத்தக்கசிவைத் தடுக்கும் பான்டோப்ரசோல் தேவையானதே. பட்டியலை மட்டும் பார்த்து நீக்கினால் அடுத்த மறுசேர்க்கை இரத்த வாந்தியோடு வரலாம்.

ஒரே நாளில் பலவற்றை நிறுத்தக் கூடாது. பிறகு எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். பென்சோடயசபின், பீட்டா தடுப்பான், குளோனிடின், நாள்பட்ட ஸ்டீராய்டு, மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து; வாரக்கணக்கில் குறைக்க வேண்டியவற்றை வார்டில் தொடங்கி, மீதியைத் தேதிவாரியாக எழுதித் தர வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்ற டோஸ், ஒரே வேளைக்கு மாற்றக்கூடியவற்றை மாற்றுதல் ஆகியவை எண்ணிக்கையைக் குறைக்காமலேயே சுமையைக் குறைக்கும்.

படி 9: வெளியேறும் நாளும் அதற்குப் பிந்தைய வாரமும்

பட்டியலைத் திருத்துவதோடு நின்றால் பலன் குறைவு. 2021 இல் நான்கு ஐரோப்பிய நாடுகளில் 2,008 முதியவர்களிடம் நடந்த சோதனையில், கணினி உதவியுடன் மருந்து மறுஆய்வு செய்ததால் பொருந்தாத மருந்துகள் குறைந்தன. ஆனால் மருந்து தொடர்பான அனுமதிகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. 2018 இல் டென்மார்க்கில் வெளியான சோதனையிலும் மறுஆய்வு மட்டும் மறுசேர்க்கையைக் குறைக்கவில்லை. மருந்தாளுநர் நோயாளியோடு உரையாடி, குடும்ப மருத்துவருக்குத் தகவல் அளித்து, பின்னர்த் தொலைபேசியிலும் பேசிய பிரிவில்தான் குறைந்தது.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் தொடர்பவை, மாற்றப்பட்டவை, புதியவை, நிறுத்தப்பட்டவை என நான்கு பகுதிகள் இருக்க வேண்டும். 'நிறுத்தப்பட்டவை' என்ற பகுதியில் காரணமும் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் நல்லெண்ணத்தோடு அதையே மீண்டும் எழுதிவிடுவார். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டைகளை என்ன செய்வது என்று சொல்லி அனுப்ப வேண்டும். புதிய பட்டியலை நோயாளியோ உடனிருப்பவரோ தம் சொற்களில் திரும்பச் சொல்லும்வரை விளக்கம் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. இரண்டு மூன்று நாள்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பும், ராமிப்ரில் அல்லது ஸ்பைரோனோலாக்டோன் மீண்டும் தொடங்கப்பட்டவருக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் கிரியாட்டினின், பொட்டாசியம் பரிசோதனையும் தேதியோடு குறித்துத் தரப்பட வேண்டும்.

இந்தப் பணியின் பலனை அளக்கும்போது தங்கிய நாள்களைத் தனியே பார்க்காதீர்கள். நோயாளிகளை ஒரு நாள் முன்னதாக அனுப்பி அந்த எண்ணை எளிதில் குறைத்துவிடலாம், அவர்கள் அடுத்த வாரமே திரும்பி வருவார்கள். முதல் டிஸ்சார்ஜிலிருந்து 90 நாள்களுக்குள் ஒருவர் மருத்துவமனையில் கழித்த மொத்த நாள்கள் என்னும் அளவை வைத்துக்கொண்டால் அந்த வித்தை செல்லாது. அதனுடன் இறப்பையும், நிறுத்திய மருந்தை மீண்டும் தொடங்க நேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் மாதந்தோறும் பதிவு செய்யலாம்.